பள்ளத்துப் பீன்ஸ்

அனுமந்தன்பட்டி,
மார்கழி 10.

மேலே குளிரில் இருக்கும் என் மாமாவுக்கு, கீழே வெயிலில் இருக்கும் உங்கள் வீட்டுக்காரி சொர்ணலதா எழுதுவது. நானும் மகள் மகாலட்சுமியும் சுகம். நீங்களும் நம் பீன்ஸும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன்.

போனில் பேசிவிடலாம் என்றால் உங்கள் பள்ளத்துக்கு டவர் எட்டுவதில்லை. மேட்டில் ஏறி நின்று நீங்கள் பேசினாலும் எனக்குப் பாதி காற்றுதான் கேட்கிறது. போன வாரம் நீங்கள் சொன்னதில் 'ஸ்வெட்டர்' என்ற ஒரு சொல்தான் புரிந்தது. அதனால் ஸ்வெட்டரையும், அதோடு இரண்டு கிலோ இட்லி அரிசியையும் முத்துப்பாண்டி ஜீப்பில் கொடுத்துவிட்டிருக்கிறேன். இனி வாரம் ஒரு கடிதமும் அவர் ஜீப்பிலேயே வரும். நீங்களும் எழுதுங்கள். எழுத்து கோணலாக இருக்கும் என்று வெட்கப்பட வேண்டாம், கல்யாணத்துக்கு முன்பே பார்த்த எழுத்துதான்.

கொடி குச்சியில் ஏறிவிட்டதா? என் கணக்குக்கு இப்போது பூ வைக்கும் நேரம். கார்த்திகை எட்டாம் தேதி என் கையால் போட்ட விதை. பத்து நாள் உங்களோடு அங்கேயே தங்கி, குழிக்குக் குழி முளைத்திருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மலை இறங்கினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. இதைத் தெருவில் நான் சொல்லாத வீடு பாக்கி இல்லை. சும்மாவா, இந்தத் தெருவில் எவர் நாற்று நட்டாலும் முதல் நாற்று என் கையில்தான் கொடுக்கிறார்கள். நம் திராட்சைக் கொடி நோயில் போனபோது மட்டும் யாரும் என் கைராசியைப் பற்றிப் பேசவில்லை. அது பதினாறு வருடம் காய்த்து ஓய்ந்த கொடி என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

உங்கள் பக்கத்து நிலத்து அன்னத்தாய் அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். நல்ல மனுஷிதான், ஆனால் பயந்தாங்கொள்ளி. நான் விதைக் கூடையோடு நிற்கும்போது வந்து, "பள்ளத்துல பனி வந்து உக்காரும் ஆத்தா, பீன்ஸ் தாங்காது. தை கழியட்டும்" என்றார்களே, நினைவிருக்கிறதா? சரிவில் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கச் சொல்லி உங்களிடமும் முன்பே சொன்னார்களாம். தண்ணீர் தேடி வந்து சேரும் பள்ளத்தை விட்டுவிட்டு யாராவது மேட்டை எடுப்பார்களா? இங்கே வாய்க்கால் பக்கத்துத் தாழ்ந்த வயலுக்குத்தானே எல்லாரும் அடித்துக்கொள்கிறோம். கார்த்திகை மழை ஓய்ந்ததும் விதைப்பதும் நமக்குப் புதிதா? அதைத்தான் அவர்களிடமும் சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். சாயங்காலமானால் தட்டில் தண்ணீர் ஊற்றி வயலில் வைக்கிறார்களே, அது காக்காய்க்கா, சாமிக்கா? கேட்டு எழுதுங்கள்.

நிலத்துக்காரர் இரண்டு பட்டம் விதைத்துப் பார்ப்போம், விளைந்தால் தொடரலாம் என்றுதானே சொல்லியிருக்கிறார்? முதல் பட்டம் என் பொறுப்பு. வேளைக்குச் சாப்பிடுங்கள். முதல் காயை எனக்கு அனுப்புங்கள்.

உங்கள்
சொர்ணலதா


அனுமந்தன்பட்டி,
தை 8.

என் மாமாவுக்கு, சொர்ணலதா எழுதுவது. நாங்கள் சுகம். பொங்கலுக்கு நீங்கள் வராதது தவிர இங்கே குறை ஒன்றுமில்லை. மகா இரண்டு முறை வாசலுக்குப் போய் ஜீப் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாள். நான் ஒரு முறைதான் பார்த்தேன்.

போகியன்று நீங்கள் அனுப்பிய பீன்ஸ் மூட்டை வந்தது. கூட வந்த சீட்டில் "நம்ம காடு. உன் கை" என்று நாலே சொல் எழுதியிருந்தீர்கள். மூட்டையை அவிழ்த்துப் பார்க்கும் பொறுமைகூட எனக்கு இல்லை. வாயைப் பிரித்து உள்ளே கைவிட்டு அள்ளி, முதல் வேலையாகப் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நாளைக்கழிச்சு எங்க தோட்டத்துல வெண்டை போடுறோம், மொத விதை நீதான் போடணும் மதினி" என்றாள். அரை அடி உயரம் வளர்ந்தவளாக வீட்டுக்கு வந்தேன்.

பொரியலுக்கு நறுக்க உட்கார்ந்தபோதுதான் காயை நன்றாகப் பார்த்தேன். மாமா, நான் போட்டது முருங்கை பீன்ஸ். உருண்டையாக, நீளமாக வரும். நீங்கள் அனுப்பியது பட்டையான பெல்ட் பீன்ஸ். இருபத்திரண்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்திவிட்டு, நான் காயை முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவேன் என்பதுகூடவா உங்களுக்குத் தெரியாது? பொய் சொல்வதென்றாலும் கொஞ்சம் பொருந்தச் சொல்ல வேண்டாமா?

மறுநாள் முத்துப்பாண்டி காலிச் சாக்கு வாங்க வந்தார். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து அவராகவே பேச ஆரம்பித்தார். மார்கழி இருபதாம் தேதி விடிந்தபோது பள்ளம் முழுக்கச் சுண்ணாம்பு தெளித்த மாதிரி இருந்ததாம். வெயில் ஏறியதும் கொடியெல்லாம் வெந்நீர் ஊற்றிய மாதிரி கறுத்துத் தொங்கிவிட்டதாம். சரிவில் இருக்கிற அன்னத்தாய் அக்கா காட்டுக்கு ஒன்றுமில்லையாம். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி இறங்கி வந்து பள்ளத்தில்தான் தேங்குமாம். அந்த அக்கா காட்டுக் காயைத்தான் வாங்கி எனக்கு அனுப்பினீர்களாம். பிறகு அவர் சொன்னார்: "அண்ணன் பாவம் மதினி. யாரு கேட்டாலும், நான்தேன் அவசரப்பட்டு வெதச்சுப்புட்டேன்னு சொல்றாக. அடுத்த பட்டமும் போச்சுன்னா நெலத்தக் குடுத்துட்டு ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போறேங்குறாக."

அவரை அனுப்பிவிட்டு அழுதேன். முதலில் உங்கள் மேல் வந்த கோபத்தில்தான் அழுதேன். பிறகு எதற்கு அழுகிறேன் என்றே தெரியவில்லை. நீங்கள் தை வரை பொறுக்கலாம் என்றுதான் சொன்னீர்கள். மேட்டு நிலம் பார்க்கலாம் என்றும் சொன்னீர்கள். நான்தான் என் கை இருக்கிறதே என்றேன். என் கையைப் பார்த்துப் பனி ஒதுங்கிப் போகும் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை.

பஞ்சம்மாள் வீட்டு வெண்டைக்கு நான் போகவில்லை. கை சுளுக்கு என்று சொல்லி அனுப்பினேன். நீங்கள் மட்டும்தான் பொய் சொல்லலாமா? அவள் தைலம் கொண்டுவந்து தேய்த்துவிட்டுப் போனாள். அது இன்னும் எரிகிறது.

வரப்போரத்தில் பூண்டும் கேரட்டும் அப்படியே நிற்பதாகவும், மல்லி கொஞ்சம் துவண்டு மறுபடி நிமிர்ந்துவிட்டதாகவும் முத்துப்பாண்டி சொன்னார். அவையெல்லாம் நீங்கள் அன்னத்தாய் அக்காவிடம் கேட்டுக் கேட்டுப் போட்டவை. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

அந்தத் தட்டுச் சமாசாரமும் முத்துப்பாண்டி சொல்லி இப்போது புரிந்தது. இருட்டும் நேரத்தில் வைத்த தண்ணீர் விடியும்போது உறைந்திருந்தால் விதையைத் தொடக் கூடாது. தொடர்ந்து பத்து விடியலுக்குத் தண்ணீர் தண்ணீராகவே இருந்தால் பனி போய்விட்டது என்று அர்த்தமாம். காக்காய்க்கா என்று கேட்டேனே, அதை அவர்களிடம் சொல்லித் தொலைக்கவில்லையே?

இந்தக் கடிதத்தோடு நம் கல்யாணச் சீர்த்தட்டு வருகிறது. குடிசை வாசலில் வைக்காதீர்கள், பள்ளத்தின் அடியில், ஓடைப் பக்கம் வையுங்கள். அங்கேதான் குளிர் கடைசியாகப் போகும். தினமும் விடிந்ததும் பார்த்துத் தண்ணீரா, கட்டியா என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். எனக்காக ஒரு நாளைக்கூட மாற்றி எழுத வேண்டாம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். அது ஸ்வெட்டர் போடாமல் அலைகிறீர்கள் என்று முத்துப்பாண்டி சொன்னதற்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொர்ணலதா


அனுமந்தன்பட்டி,
மாசி 11.

மாமாவுக்கு, சொர்ணலதா. மகாவுக்குப் பரீட்சை முடிந்தது, நன்றாக எழுதியதாகச் சொல்கிறாள். உங்களைப் போலவே முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள், அதனால் நம்பி வைத்திருக்கிறேன். இங்கே வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. பஞ்சம்மாள் வீட்டு வெண்டை, நான் போடாமலே முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது. காலையில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பார்க்கிறேன். முதலில் கொஞ்சம் உறுத்தியது. இப்போது நன்றாகத்தான் இருக்கிறது.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த பீன்ஸ் நம்முடையது இல்லை, நம்முடையது பனியில் கருகிவிட்டது, விதைத்தவள் நான், சுளுக்கும் பொய், பழியை நீங்கள் உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சுளுக்கு என்ற கையில் அவள் செல்லமாக ஒரு அடி போட்டாள். பிறகு, "அண்ணன் உன்னைய விட்டுக் குடுக்கலையே மதினி, அதச் சொல்லு மொதல்ல" என்றாள். நான் அதைத்தான் கடைசியில் சொல்லியிருந்தேன்.

உங்கள் தாள் இன்று வந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்தேன். முதலில் வரிசையாகக் கட்டி, கட்டி, கட்டி. ஒரு நாள் "தட்டை எடுக்க வரல, மண்ணோட ஒட்டிக்கிச்சு" என்று எழுதியிருந்தீர்கள். பிறகு தண்ணீர், தண்ணீர் என்று ஒன்பது நாள். பத்தாவது நாள், மாசி மூன்று: "இன்னைக்குக் கட்டி. கண்ணாடி மாதிரி, மெல்லிசு. மறுபடி ஒண்ணுலருந்து."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன், மாமா. அன்று தண்ணீர் என்று எழுதியிருந்தால் யாருக்குத் தெரியும்? பட்டம் தள்ளிப்போகிறதே என்று உங்களுக்கு எவ்வளவு அடித்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். நிலத்துக்காரர் வேறு பங்குனிக்குள் காடு பச்சையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்படியிருந்தும் கட்டி என்றே எழுதினீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்ததில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

அதன் பிறகு நேற்று வரைக்கும் ஏழு நாள் தண்ணீர். பதினைந்தாம் தேதி ஜீப்பில் நான் வருகிறேன். அன்றைக்கு விடிந்தால் பன்னிரண்டு ஆகியிருக்கும், அன்னத்தாய் அக்கா சொன்ன பத்தைத் தாண்டிவிடும். நடுவில் மறுபடி உறைந்தால் நான் அங்கேயே இருந்து எண்ணுகிறேன். எனக்கு இங்கே அவசரம் ஒன்றுமில்லை, மகாவை என் தங்கை பார்த்துக்கொள்வாள். விதை தேனியில் வாங்கியாகிவிட்டது, அதே முருங்கை பீன்ஸ்தான். கொஞ்சம் புதினா வேரும் எடுத்து வைத்திருக்கிறேன், ஓடைப் பக்கம் ஊன்றலாம். அன்னத்தாய் அக்காவுக்கு ஒரு சேலை எடுத்திருக்கிறேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. ஏறும் வழியில் யோசித்துக்கொள்கிறேன்.

தாளின் அடியில் "மொத விதை நீ வந்துதான் போடணும், உன் கைக்கு ஒண்ணுமில்ல" என்று எழுதியிருந்தீர்கள். படித்தேன். ஆனால் அது வேண்டாம், மாமா. இந்த இருபத்திரண்டு வருடத்தில் அந்த வரப்போரத்துப் பூண்டு, கேரட், மல்லி தவிர, நெல்லோ திராட்சையோ எதற்கும் உங்களை முதல் கை வைக்க நான் விட்டதில்லை. கேட்டதுகூட இல்லை. இந்தத் தடவை முதல் விதையை நீங்கள் போடுங்கள். நான் பின்னால் கூடையைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். நீங்கள்தான் விதைத்ததாக மலை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அது இந்த ஒரு பட்டமாவது உண்மையாக இருக்கட்டும்.

முளைத்தால் சந்தோஷம். நான் கீழே இறங்கிய பிறகு ஏதாவது ஆகி, கருகினாலும் கருகிவிட்டது என்றே எழுதுங்கள். நீங்கள் கூலிக்குப் போனால் நானும் வருவேன், ஏலக்காய் பறிக்க எனக்கும் கை இருக்கிறது. அடுத்தவர் காட்டுக் காயை மட்டும் இனி எனக்கு அனுப்ப வேண்டாம். அதை என்னால் தின்ன முடியவில்லை.

பதினைந்தாம் தேதி ஜீப் நிற்கும் மேட்டுக்கு ஏறி வந்து நில்லுங்கள். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாருங்கள். தட்டை எடுத்துவிட வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும்.

கூடை பிடிக்க வரும்
உங்கள் சொர்ணலதா