மேட்டில் விழுங்கிய வார்த்தை

ஆறாம் மாதம், 4

ஏதோமியர் கீழ்க் கிணற்றைப் பிடித்துவிட்டார்கள். சொன்னவன் மேய்ப்பன் சேமேர், கண்ணால் பார்த்திருக்கிறான். அவனுடைய அறுபது ஆடுகளும் இப்போது அவர்களிடம். வந்தவர்கள் நானூறு பேர் என்கிறான். பயத்தில் எண்ணியது, பாதியாக வைத்துக்கொள்ளலாம்.

எட்டாம் நாள் காலை நம் ஆட்கள் மேட்டில் கூட வேண்டும். போருக்கென்று எண்ணெய் வார்க்கப்பட்ட ஆசாரியன் நான். எனக்கு வேலை இரண்டு: படைக்கு முன் நின்று பேசுவது, எக்காளம் ஊதுவது. வாள் எடுக்கக் கூடாது. பிணத்தைத் தொடக் கூடாது.

மதியம் கண்ணயர்ந்தேன். எக்காளத்தின் வாயிலிருந்து ஒரு கொடி முளைத்து, கூடாரத்துக் கயிற்றைப் பற்றி ஏறிக்கொண்டே இருந்தது. எங்கே போகிறது என்று பார்ப்பதற்குள் விழித்துவிட்டேன்.

5

தங்கை அக்சாளின் திராட்சத் தோட்டத்துக்குப் போனேன். நட்டு இது ஐந்தாம் வருடம். முதல் மூன்று வருடம் காயைத் தொடவில்லை. நாலாம் வருடத்துப் பழம் கர்த்தருக்குப் போயிற்று. இந்த மாதம்தான் முதன்முதலாக வீட்டுக்கு. வெயில் குலைகளுக்குள் புகுந்து, வெளியே வர வழி தெரியாமல் நிற்பது போல் இருந்தது.

அவள் கணவன் ஏலோன் காவல் பரண்மேல் உட்கார்ந்து நரிகளைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், அன்னிக்கு அந்தத் தோட்டத்து வார்த்தையைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லு. நான் கடைசி வரிசையில நிப்பேன். காத்து வேற அடிக்கும்."

"தலைவர்கிட்ட முன்னாடியே கேட்டுட்டு வீட்லயே இரேன்."

"கெஞ்சித் தப்பிச்சவன்னு ஊரு சொல்லும். நீ சொல்லிப் போனா, கர்த்தரே அனுப்பின மாதிரி."

அக்சாள் சிரித்தாள். "அஞ்சு வருஷமா அந்தக் கொடியோடதான் குடும்பம் நடத்துறாரு, அண்ணா. ஒரு பழம் தின்னட்டும். அப்புறம் எங்க வேணா கூட்டிட்டுப் போ."

7

போருக்கு முன் நான் சொல்ல வேண்டியவை நான்கு வார்த்தை. புது வீடு கட்டிக் குடியேறாதவன், தோட்டம் நட்டுப் பழம் தின்னாதவன், பெண் நிச்சயித்து மணக்காதவன், பயந்தவன் — இவர்கள் வீடு திரும்பலாம்.

இன்று படைத்தலைவர் பெதாயேல் வந்தார்.

"ஐயா, ரெண்டாவதை விட்டுடுங்க. மலையில ஊருக்கு ஊரு புதுக் கொடிதான். அதைச் சொன்னீங்கன்னா மேட்டுல நீங்களும் நானும்தான் நிப்போம்."

"அது என் பேச்சு இல்லையே, குறைக்கிறதுக்கு."

"வாய் உங்களுதுதானே?"

மறுத்தேன். மறுத்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

8

வந்தவர்கள் இருநூற்று அறுபது பேர். தரையோடு மூடுபனி. யாருக்கும் இடுப்புக்குக் கீழே கால் இல்லை, படையே மிதந்துகொண்டிருந்தது.

வீட்டு வார்த்தையைச் சொன்னேன். பதினோரு பேர் போனார்கள். அடுத்ததற்கு மூச்சு இழுத்தேன். கடைசி வரிசையில் ஏலோன் அதற்குள் பையைத் தோளில் மாட்டிவிட்டான். முகத்தில் ஒரு சிரிப்பு.

தங்கை புருஷனுக்காகத்தான் இந்த ஆள் இவ்வளவு உரக்கச் சொல்கிறான் என்பார்களே — அந்த ஒரு நினைப்புதான். நாக்கு தாண்டிவிட்டது. நிச்சயம் செய்தவனுக்குப் போய்விட்டேன். மூன்று பேர் போனார்கள். பயந்தவன் ஒருவன்.

முன்வரிசையில் ஒரு கிழவர், "ஐயா, நடுவுல ஒண்ணை முழுங்கிட்டீங்களே?" என்றார்.

"காலைல சாப்பிட்டிருக்க மாட்டாரு," என்றான் பக்கத்தில் நின்றவன்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரிச்சேன்?

திரும்பச் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. எக்காளத்தை எடுத்துக்கொண்டேன்.

ஏலோன் பையை இறக்கி வைத்தான்.

9

ஊதினேன். எதிர்மலை திருப்பி ஊதியது.

10

ஏதோமியர் ஓடிவிட்டார்கள். கிணறு நம்முடையது. நூற்றுத்தலைவன் சொன்ன கணக்கு: நம்மில் இறந்தவர்கள் பத்தொன்பது. அதில் நான்கு பேருக்குப் புதுத் தோட்டம். பெயர்களைக் கேட்டு வாங்கினேன். ஏலோன் பெயர் இல்லை.

அவன் தொடையில் ஈட்டி. அந்தக் காலோடு, நேற்று பக்கத்தில் செத்து விழுந்தவனை இழுத்து வந்திருக்கிறான். இன்று பிணங்களைப் புதைத்த ஆட்களோடு அவனும் பள்ளத்துக் கர்வாலி மரத்தடியில் கிடக்கிறான். பிணத்தைத் தொட்டவர்கள் ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே. மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் சாம்பல் கலந்த தண்ணீர் தெளிக்க வேண்டும். ஏழு நாளும் இன்றிலிருந்துதான் கணக்கு. அதுவரை நான் அங்கே போகக் கூடாது.

கூப்பிடு தூரம்தான்.

12

தெளிக்கப் போன சேமேர் வந்து சொன்னது: "காய்ச்சல் கொதிக்குது, ஐயா. குலை அறுத்தாச்சான்னு கேக்குறாரு."

மதியம் மறுபடி அந்தக் கொடி. இப்போது குலைகளோடு எக்காளத்துக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஊதினால் வெளியே வரும் என்று தெரிகிறது. மூச்சு இல்லை.

13

அக்சாள் வந்தாள். சொல்லிவிட்டேன்.

"மறந்துட்டியா?"

"இல்ல. ஞாபகம் இருந்துச்சு. அவனுக்காகச் சொல்றேன்னு பேசுவாங்களோன்னு…"

"அவருக்காகச் சொன்னாத்தான் என்ன? அவரும் அங்க நின்னவரு தானே?"

முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்கிட்ட ஏன் சொல்ற? அவர்கிட்டப் போய்ச் சொல்லு."

தோட்டத்தில் இன்னும் ஒரு குலையும் அறுக்கவில்லையாம். உதிர ஆரம்பித்துவிட்டது.

14

பாளையத்தின் எல்லைக் கயிற்றருகில் போய் நின்றேன். தாண்டவில்லை.

"ஐயா, சண்டை முடிஞ்சு அஞ்சு நாளாச்சு. யாருக்குப் பேசப் போறீங்க?" என்றார் பெதாயேல், பின்னாலிருந்து.

பள்ளத்தைப் பார்த்து, முழுத் தொண்டையில் சொன்னேன். தோட்டம் நட்டு, இன்னும் பழம் தின்னாதவன் யாரோ, அவன் வீட்டுக்குப் போகட்டும். பிறகு இறந்த நால்வரின் பெயர்கள், ஒவ்வொன்றாக.

மரத்தடியில் பேச்சு நின்றது. நிழலுக்குள்ளிருந்து ஒருவன் எழுந்தான். பிறகு இன்னொருவன். எண்ணினேன்: ஏழு பேர். பை இல்லை, ஏழு நாள் முடியாமல் போகவும் முடியாது. சும்மா எழுந்து நின்றார்கள், வெயில் அவர்கள் தோளில் ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

எட்டாவது ஆளால் எழ முடியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"இப்பக் கேட்டுச்சு, மச்சான்."

15

காலையில் சேமேர் சொன்னது: மூச்சு இருக்கிறது. காய்ச்சல் இறங்கவில்லை. தண்ணீர் மட்டும் இறங்குகிறது.

இனி நான்கும் சொல்வேன், வேண்டாமென்றால் வேறு வாயைத் தேடிக்கொள்ளுங்கள் என்று பெதாயேலிடம் சொன்னேன்.

அக்சாள் ஆள் அனுப்பியிருந்தாள். ஒரே ஒரு குலையை மட்டும், உதிராமல் துணி சுற்றிக் கொடியிலேயே கட்டி வைத்திருக்கிறாளாம்.

நாளை ஏழாம் நாள். தெளித்து, குளித்து, சூரியன் இறங்கிய பிறகு உள்ளே வரலாம். ஏலோன் நடந்து வருவானா, தூக்கி வருவார்களா, அப்போது தெரியும். கயிற்றருகில் இருப்பேன்.