பிள்ளையின் தலையில் வைத்த கை

பெப்ரவரி 3, திங்கள்

மைனஸ் பதினெட்டு. அஜக்ஸிலிருந்து அஜின்கோர்ட் வர 401 ஹைவேயில் கார் ஊர்வலம். நான் வேலை செய்கிற பிள்ளைகள் டேகெயாருக்குப் பிந்தித்தான் போனேன். மரியா மணிக்கூட்டைப் பார்த்தாள். வகுப்புக்கு அவள்தான் பொறுப்பு. பிலிப்பைன்ஸ்காரி. வாயைத் திறக்காமலே ஏசத் தெரிந்தவள்.

வெளியே விளையாட விடுவதென்றால்: ஸ்னோ பான்ற்ஸ், பூட்ஸ், தொப்பி, கையுறை, கழுத்துத் துணி. கடைசிப் பிள்ளைக்கு மாட்டி முடிக்க முதல் பிள்ளைக்கு மூத்திரம் முட்டும்.

புதுப் பிள்ளை ஆரணி. நாலு வயது. தாய் தகப்பன் மட்டக்களப்பு. இங்கிலீஷ் ஒரு சொல் இல்லை. வகுப்பில் அது பெரிய விஷயமும் இல்லை. சீனப் பொடியன் மண்டரினில் சண்டை பிடிப்பான், ஆப்கான் பெட்டை டாரியில் பாடுவாள், எல்லாம் ஓடும். ஆரணி பொம்மையோடு மட்டும் கதைக்கிறாள். இன்றைக்குச் சோறு தீத்தினாள்:

"தின்னு. தின்னாட்டி காலை முறிச்சிருவன். தோலை உரிச்சிருவன்."

பிள்ளை என்ன சொல்கிறாள் என்று மரியா கேட்டாள். சாப்பிடு என்கிறாள் என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. என் அம்மா என்னைக் கொல்லாத நாளில்லை. நாற்பத்தேழு வயதாகியும் போனில் கொல்கிறா. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் ஸ்காபரோவில் ஒரு தமிழ் வீடு மிஞ்சாது.

வாங்க: பால், தேங்காய்ப்பூ, வின்டர் கிறீம்.

பெப்ரவரி 5, புதன்

பனி. பின்னேரம் ஆரணியைக் கூட்டிப்போகத் தாய் ரஜனி வந்தா. கைப்பிள்ளை ஜாக்கெட்டுக்குள். முப்பது கூட இருக்காது. என்னை 'ரீச்சரக்கா' என்கிறா.

"இவள் இங்க என்னவும் கதைக்கிறவளா அக்கா? வீட்டு விஷயம்?"

பொம்மையைப் போட்டு ஏசுகிறாள், எங்கட பிள்ளையள் எல்லாம் உப்பிடித்தான் என்றேன். அவவும் சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். சிரிக்கவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

தலையிடி. ஆரணி பொம்மையை விளையாட்டு அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து இருந்தாள். "மூச்சு விடாத. அப்பா போனதும் துறக்கிறன்."

மரியாவுக்கு நல்ல சந்தோஷம். ஒளிச்சுப் பிடிச்சு விளையாட்டாம், நல்ல முன்னேற்றமாம். ஓம் என்று நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து வெங்காயம் வெட்டும்போதுதான் உறைத்தது. ஒளிச்சுப் பிடிச்சு என்றால் யாராவது தேட வேண்டும். அவள் ஒருவரையும் தேடக் கூப்பிடவில்லை. தேடக்கூடாது என்பதுதான் அந்த விளையாட்டு.

பெப்ரவரி 10, திங்கள்

சனி ஞாயிறு முழுக்க அதே யோசனை. எங்கள் ஆட்கள் கத்தித்தான் ஏசுவார்கள். தெருவுக்கே கேட்கும், ஐந்து நிமிடத்தில் தேத்தண்ணி வரும். ஆரணி இப்போது பொம்மையோடு கதைப்பது மெல்லிய குரலில். மெல்லப் பேசிப் பயப்படுத்துகிற குரல் ஒரு பிள்ளைக்குத் தானாக வராது.

இன்றைக்கு: "ரீச்சர் கேட்டா விழுந்திட்டன் எண்டு சொல்லு."

உடுப்பு மாற்றும்போது கை, கால், முதுகு எல்லாம் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. நிம்மதி. பிறகு அந்த நிம்மதியை நினைக்க வெட்கம்.

இவரிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண் எடுக்காமல்: "உனக்கேன் ஊர்த்துளவாரம்? பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள். பிறகு சனத்தின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

சட்டம் தெரியும். பிள்ளைகளைப் பாதுகாக்கிற கவுண்மேந்து ஒஃபிஸுக்குச் சந்தேகம் வந்தவளே போன் எடுக்க வேண்டும், இன்னொருத்தியிடம் தள்ளிவிட முடியாது. வருஷா வருஷம் படிப்பிக்கிறார்கள். சந்தேகம் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் படிப்பிக்கவில்லை.

பெப்ரவரி 12, புதன்

மனம் சரியில்லை. எழுதினால் இறங்கும் என்று பார்க்கிறேன்.

ரஜனி பிள்ளையின் பையை எடுக்கக் கையை நீட்ட, சட்டைக் கை மேலே ஏறிப்போனது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீலம். விரல் விரலாக.

"கதவு பட்டது அக்கா."

"ரஜனி, நான் சின்னப்பிள்ளை இல்லை. என்னட்டச் சொல்லும்."

சுற்றிவரப் பார்த்தா. கோட் மாட்டுகிற இடத்தில் நாங்கள் மட்டும்தான். இந்த லோங் வீக்கெண்டில் அஜக்ஸில் இருக்கிற தமக்கை வீட்டுக்குப் போகப்போறாவாம், பிள்ளைகளோடு. எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சாம். இனித் திரும்பமாட்டாவாம்.

"நீங்க ஒரு இடமும் சொல்லிராதீங்க அக்கா. அவங்க வந்தா எண்ட பிள்ளையளக் கொண்டுபோயிருவாங்க. இவருக்கும் தெரிஞ்சிரும்."

உதவி செய்கிற இடங்கள் இருக்கு, நானே கூட்டிக்கொண்டு போறன் என்றேன். கேட்கவில்லை. என் வலது கையைப் பிடித்து ஆரணியின் தலையில் வைத்தா. "சத்தியம் பண்ணுங்க."

பிள்ளை அண்ணாந்து என்னைப் பார்த்தது. தொப்பி போடாத தலை, வெதுவெதுப்பு. கையை இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. சத்தியம் என்றேன்.

பெப்ரவரி 14, வெள்ளி

வலன்டைன். பிள்ளைகளுக்கு ரோஸ் நிற பிஸ்கற், கம்பளம் எல்லாம் சீனி. ரஜனியின் முகத்தில் வெளிச்சம். செவ்வாய்க்கிழமை ஆரணி வரமாட்டாள் என்று என் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனா.

மத்தியானம் ஸ்ராஃப் ரூமில் தனியே. இரண்டு தரம் நம்பர் அழுத்தினேன், இரண்டு தரமும் வைத்தேன். கொலிச்சில் படித்தவள், இந்த வேலையில் எத்தனையோ வருஷம். ஆனாலும் பிள்ளையின் தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை முறித்தால் அது பிள்ளைக்குத்தான் வரும் என்று எனக்குள் ஒருத்தி நிற்கிறாள். அவளை என்னால் தள்ள முடியவில்லை. மரியாவிடம் சொன்னால் விளங்குமா? எனக்கே விளங்கவில்லை.

மூன்று நாள்தானே. போய்ச் சேர்ந்துவிடுவா.

பெப்ரவரி 17, திங்கள்

ஃபமிலி டே, லீவு. முழங்கால் அளவு ஸ்னோ. இவர் தள்ளினார், நான் உப்புப் போட்டேன். குனிந்து குனிந்து நாரி பிடித்துவிட்டது.

ரஜனிக்குப் போன் அடித்தேன். மெஷின். பின்னேரமும் அதே மெஷின் குரல். தமக்கை வீட்டில் சனம், சத்தம், போன் எங்கேயோ கிடக்கும். அப்படித்தான் இருக்கும். மரக்கறிக் கடையில் கைப்பிள்ளையோடு நின்ற ஒருத்தியின் பின்னால் போய் முகம் பார்த்தேன். வேறு ஆள். "என்ன அன்ரி?" என்று கேட்டா. ஒன்றுமில்லை என்று சொல்லி, தேவையில்லாத முருங்கைக்காயோடு வந்தேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

ஒஃபிஸில் இருந்து எழுதுகிறேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

காலையில் ஆரணி வராதது நல்லது என்று நினைத்துக்கொண்டு பாலை ஊற்றிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. ஆரணி. கூட்டி வந்தது தகப்பன். இவ்வளவு நாளில் முதல் தரம். துப்புரவான மனிசன், மெல்லிய குரல்.

"வணக்கம் ரீச்சர். அவக்குக் கொஞ்சம் காய்ச்சல். படுத்திருக்கா."

"கைக்குழந்தை?"

"தாயோடதான்."

சிரித்தான். நன்றி சொல்லிவிட்டுப் போனான். பிள்ளையின் தலை வாரவில்லை. பூட்ஸ் கால் மாறிக் கிடந்தது. ஜாக்கெட்டுக்குள் இரவு உடுப்பு.

நான் வாயைத் திறக்க முதல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இதுவரை என்னை விளையாட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

"நீங்கதான் அம்மா. படுங்க."

கம்பளத்தில் படுத்தேன். போர்வையால் மூடினாள், கழுத்து வரை. கொஞ்சம் யோசித்துவிட்டு முகத்தையும் மூடினாள். நான் அசைந்தேன்.

"எழும்பக் கூடா. அம்மா எழும்பல்ல."

"ஏன் எழும்பேல்லை, குஞ்சு?"

பொம்மையைக் கொண்டுவந்து என் நெஞ்சில் கிடத்தினாள். எந்த வித்தியாசமும் இல்லாத குரலில் சொன்னாள்:

"தம்பி அழுறான். அம்மாக்குக் கேக்கல்ல."

எழும்பி ஓடினேன். முதலில் பொலிஸ். விலாசத்தை மரியாதான் போனை வாங்கிச் சொன்னாள். இப்போது ஆட்கள் போயிருக்கிறார்கள், இன்னும் ஒரு தகவலும் இல்லை. பிறகு பிள்ளைகளைப் பாதுகாக்கிற ஒஃபிஸுக்கு அடித்தேன். அங்கே ஒரு பெண், நிதானமான குரல், நான் சொல்வதை ரைப் பண்ணுகிற சத்தம் கேட்டது.

எப்போது முதலில் சந்தேகம் வந்தது என்று கேட்டா.

போன கிழமைத் திங்கள் என்றேன். ரைப் பண்ணுகிற சத்தம் நின்றது. புதன்கிழமை தாயே சொன்னா என்பதையும் சொன்னேன்.

அப்போது ஏன் போன் எடுக்கவில்லை என்று கேட்டா.

லைன் இன்னும் திறந்துதான் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆரணி, நான் எழும்பி வந்த வெறும் கம்பளத்தில், போர்வையின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருக்கிறாள்.