இளகாத ஐஸ்கிரீம்

அம்மாவுக்கு,

இந்த ரயிலில் நான் முதலில் கவனித்தது வளைந்த ஒரு கரண்டியைத்தான். அதற்கு முன், உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நம் ஊர் அவோமோரியில் பனி கூரையைத் தொட்டுவிட்டதா? நான் நலம்.

ரயிலில் நாங்கள் தள்ளுவண்டியில் விற்கும் ஐஸ்கிரீம் கல் போலிருக்கும். ஒரு பெரியவர் அதைக் குத்திக் குத்தியே கரண்டியை வளைத்துவிட்டார். பாவமாக இருந்தது. அதனால் நேற்று சில கிண்ணங்களை அவற்றை உறையவைக்கும் டிரை ஐஸிலிருந்து முன்கூட்டியே எடுத்துத் தள்ளுவண்டியின் மேல்தட்டில் வைத்தேன். ஒரு புகார் வந்தாலும் பாத்திரம் கழுவ அனுப்பிவிடுவோம் என்று சொல்லித்தான் என்னை ரயிலில் ஏற்றியிருந்தார்கள்.

வாரந்தோறும் ஒசாகா போகும் குசுமி ஐயா கிண்ணத்தின் மூடியை அழுத்திப் பார்த்தார்.

"என்னம்மா, இளகிப்போச்சே. இதத் தின்ன நான் எதுக்கு ரயிலேறணும்?"

என் பின்னால் நின்ற மேற்பார்வையாளர் குவபாரா அக்கா, "புதுப் பொண்ணு, உங்க பல்லுக்கு இரக்கப்பட்டுட்டா" என்றார்.

குசுமி ஐயா சிரித்துவிட்டார். "நல்லாக் கல்லா ஒண்ணு எடு. அது கரையற வரைக்குந்தான் எனக்கு ஓய்வு."

அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். விரல்கள் ஒட்டிக்கொண்டன. உங்கள் பழைய கம்பளிக் கையுறையை அனுப்புங்கள், புதியது வேண்டாம். குசுமி ஐயா கிண்ணத்தை முன்னால் வைத்துக் கைகட்டி உட்கார்ந்தார். ஜன்னலில் ஃபூஜி மலை வந்தது. அவ்வளவு வேகத்தில் போகும் ரயிலில் அந்த இருக்கை மட்டும் நின்றுவிட்டது போலிருந்தது.

பிறகு எங்கள் வழக்கப்படி கதவருகே திரும்பி நின்று ரயில்பெட்டியை வணங்கிவிட்டு, மேல்தட்டிலிருந்த கிண்ணங்களையெல்லாம் டிரை ஐஸுக்கு அடியில் புதைத்தேன்.

சிசுரு