பேகத்துக்குத் திறக்காத வில்லியனூர் வாசல்

பெயின்ட் டப்பாக்களின் பேரரசனே, பிளைவுட் கோட்டையின் ஒரே குவர்னரே, என் ஜமால் மச்சானே,

நல்லா இருக்கியா என்று கேட்கமாட்டேன். நீ இருக்கிற இடத்தில் தேர்தல் இல்லை, கேபிள் டிவி இல்லை, எங்கள் தெரு மன்றமும் இல்லை. நல்லாத்தான் இருப்பாய். எனக்குத்தான் ஆண்டு விழா முடிந்ததிலிருந்து வாய் கசக்கிறது. ஒரு அண்டா வேப்பெண்ணெயை அண்ணாந்து குடித்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். துப்பினால் வங்காள விரிகுடா முழுக்கக் கறுத்துப்போகும் என்பதால் துப்பாமல் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. பாண்டிச்சேரி இப்போது பாண்டிச்சேரி இல்லை. புதுச்சேரி என்று சட்டம் போட்டே மாற்றிவிட்டார்கள். நீ இருந்திருந்தால், "அப்ப என் கடை போர்டை எவன்டா திருத்திக் குடுப்பான்?" என்று சண்டைக்குக் கிளம்பியிருப்பாய், பெயின்ட் கடை வைத்திருப்பதே நீதான் என்பதை மறந்து. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மா ஒரு கையில் வஞ்சிரத்தைத் தூக்கிக்கொண்டு மறுகையில் செல்போன் பேசுகிறாள். சில நேரம் எதைக் காதில் வைத்திருக்கிறாள் என்று எனக்கே சந்தேகம் வருகிறது. இதெல்லாம் சரிதான். இனிமேல் சொல்லப்போவதுதான் சரியில்லை.

ஓரமாக நின்று இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்த கதையையே ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்.

உப்பளம் பேட்டையில் எங்கள் தெரு மன்ற ஆண்டு விழா என்றால் வருஷா வருஷம் ஒரே நாடகம்தான். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கதை. ஆற்காட்டு நவாபை மராட்டியப் படை போரில் கொன்றுவிட்டது. அவருடைய பேகமும் மகளும் பேரப்பிள்ளைகளும் யானை, ஒட்டகம், பல்லக்கோடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நம் ஊரின் மேற்கு வாசலில், அந்த வில்லியனூர் வாசலில், வந்து நின்றார்கள். உள்ளே விட்டால் மராட்டியர் நம் மேல் பாய்வார்கள். விடாவிட்டால் வெளியே நிற்கிறவர்கள் கதி அதோகதி. பிரெஞ்சு குவர்னர் ஆலோசனை சபையைக் கூட்டினார். யோசித்தார். வாசலைத் திறந்தார்.

அந்த குவர்னர் நீ. ஆறடி உயரம், எலுமிச்சை நிறம், தலையில் சணல் நாரில் செய்த வெள்ளை முடி. பேகம் யார்? அடியேன்தான்! மின்துறையில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்த கண்ணையன். அந்தக் காலத்தில் என் மீசையின் ஒரு முனை கடலூரிலும் மறுமுனை திண்டிவனத்திலும் இருந்தது. அதை முக்காட்டுக்குள் அடக்க மூன்று பேர் வேண்டும். நான் பிளைவுட் கதவைத் தட்டி, "எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை துரையே" என்று அழுவேன். நீ கதவைத் திறந்து, முடியைக் கழற்றிக் குனிந்து, "ஆந்த்ரே, மதாம்" என்பாய். உள்ளே வாங்கம்மா என்று அர்த்தம். அந்த இரண்டு வார்த்தைக்கு உப்பளமே மூக்கைச் சிந்தும்.

வாசலைத் திறக்குமுன் ஆலோசகர் ஒருவர் குறுக்கே வந்து, "விடக்கூடாது துரை! இந்தக் குடும்பத்தார்தானே திருச்சிக் கோட்டை ராணியை நம்பவைத்து ஏமாற்றினார்கள்?" என்று கேட்கவேண்டும். அதற்கு நீ, "ஏமாற்றியது மருமகன். வாசலில் நிற்பது மாமியார்" என்பாய். கொட்டகை அதிரும். அந்த ஆலோசகர் வேஷம் யாருக்கு? என் அக்கா மகன் குணாவுக்கு. அவனுடைய முதல் சைக்கிளுக்கு நீ பச்சைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தாயே, அதே குணா. மொத்த நாடகத்தில் "விடக்கூடாது துரை" என்ற அந்த ஒரு வரியைத்தான் அவன் மனப்பாடம் செய்திருக்கிறான் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அந்தத் திருச்சி வசனத்தைச் சேர்த்தது நீதான். ஒத்திகையில் நான் கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

"ஏன்டா, உங்க ஆளு பண்ண அயோக்கியத்தனத்தை நீயே எழுதிப் போடுறியே?"

"எங்க ஆளா? அவன் வரி கேட்டு என் பாட்டனையுந்தான் உதைச்சிருப்பான். எழுதுடா. வாசல்ல நிக்கிறவங்க எல்லாம் உத்தமருன்னு காட்டிட்டுத் தொறந்தா அதுல என்ன பெருமை?"

"அப்ப குவர்னரு நல்லவரு. சரியா?"

"அவனா? பின்னாடி அதுக்கே நெலமும் பட்டமும் வாங்கிக்கிட்டான். லாபம் இல்லாம எந்த வெள்ளைக்காரன்டா கப்பல் ஏறினான்?"

"அப்ப இந்தக் கதையில எவன்தான்டா நல்லவன்?"

"எவனும் இல்ல. ஆனா கதவு தொறந்துச்சுல்ல?"

இதை நீ ஒரு கையில் டர்பன்டைன் டப்பாவோடு சொன்னாய். எந்தப் பேராசிரியரும் எனக்கு இதைவிடச் சுருக்கமாகச் சரித்திரம் சொன்னதில்லை.

அப்புறம் மராட்டியத் தளபதி வேஷத்தில் சொல்தா அருளப்பன். பிரான்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அந்த நாட்டு பென்ஷனில் வாழ்கிறவர். "குடும்பத்தை ஒப்படை" என்று அவர் மிரட்டுவார். முடியாது என்று சொல்லிவிட்டு நீ நாலு பாட்டில் பிரெஞ்சுச் சரக்கு அனுப்புவாய். தளபதி வீட்டம்மாவுக்கு ருசி பிடித்துப்போக, படை திரும்பிவிடும். நடந்தது அப்படித்தான் என்று சொல்கிறார்கள். ஒரு படையெடுப்பையே பாட்டிலால் முடித்த ஊர் பூலோகத்தில் நம் ஊர் ஒன்றுதான், மச்சான். அருளப்பன் மேடையில் நிஜச் சரக்கைத்தான் குடிப்பார். கலைக்காக.

இப்போது கேள். இந்த வருஷம் மன்றச் செயலாளர் குணா. கம்ப்யூட்டரில் அடித்த புது நாடகத்தோடு வீட்டுக்கு வந்தான். உன் மகன் ரஃபி, "அத்தா வேஷத்தை நான் போடுறேன் மாமா" என்று என்னிடம் கேட்டிருந்தான். அதைச் சொன்னேன்.

"ரஃபி வேணாம் மாமா. இப்ப நெலமை சரியில்ல."

"எந்த நெலமை?"

"டிவி பாக்குறதில்லையா? எங்க பாத்தாலும் குண்டு வெடிக்குது."

"ரஃபியாடா குண்டு வைக்கிறான்? தீபாவளிக்கு ஓலைவெடியைக் கண்டா விழுப்புரம் வரைக்கும் ஓடுறவன்டா அவன்!"

"ரஃபியைச் சொல்லல மாமா. பொதுவாச் சொல்றேன்."

பொதுவாகவாம். இந்தப் பொதுவாக என்கிற சொல்லுக்குள் எத்தனை ஆட்களைப் போட்டு மூடியிருக்கிறார்கள், பார்த்தாயா? பேர் சொல்லித் திட்டினால் அடிக்கவாவது வரலாம். பொதுவாகத் திட்டினால் என்ன செய்ய?

பிறகு நாடகத்தை விளக்கினான். பேகம் கதவைத் தட்டுவாள். குவர்னர் மதில்மேல் நிற்பார். திடீரென்று பல்லக்கிலிருந்து இரண்டு பேர் வாளோடு குதிப்பார்கள். பேகம் முக்காட்டைக் கிழித்தெறிந்து தானும் வாளை உருவுவாள். "பார்த்தீர்களா மக்களே!" என்று குவர்னர் முழங்குவார். கதவு திறக்காது. திரை.

"நீங்க முக்காட்டை எடுத்ததும் உள்ள மீசை தெரியும்ல மாமா, அது செம பயங்கரமா இருக்கும்" என்றான். என் மீசையை, மச்சான்! நீ மேடையில் சிரிப்பை அடக்கமுடியாமல் தவித்தாயே, அந்த மீசையை!

"இது எங்கடா நடந்துச்சு?"

"எல்லா ஊர்லயும் நடந்ததுதான். இங்க நடக்காமப்போனது தற்செயல்."

தற்செயலாம். நவாபின் படையில் இந்து சிப்பாய், மராட்டியரோடு பேரம் பேசியவர்களில் நவாபு வீட்டு ஆட்கள், நடுவில் லாபக் கணக்கு போட்ட கிறிஸ்தவ குவர்னர் என்று கலந்து கிடந்த கதையை இவன் கபடி ஆட்டமாக்கிவிட்டான். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு அணி, அந்தப் பக்கம் ஒரு அணி.

இந்தப் பக்கம் மட்டும்தான் நாற்றம் என்று நினைக்காதே. ரஃபி இப்போது நடத்துகிற உன் கடைக்கு ஒரு ஆள் வந்து, "நவாபு பொஞ்சாதி வெள்ளைக்காரன்கிட்ட கெஞ்சுற நாடகத்துக்கு நீ ஏன் பெயின்ட் அடிக்கிறே, மானம் இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கும் கபடிதான் வேண்டும். பிரான்சில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முக்காடு போடக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டதாக அருளப்பன் சொன்னார். பிரான்சின் வாசலைத் தட்டுவதற்காகவே வருஷக்கணக்கில் முக்காடு போட்டவன் நான். இப்போது போனால் எனக்கு என்ன பதில் சொல்லும் உன் பிரான்சு?

குணாவிடம் நான், "சரிப்பா" என்றேன். நான் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னால் நீ உஷாராகியிருப்பாய். அவன் ஆகவில்லை.

விழா அன்று, பல்லக்குக்குள் ஒளிந்திருக்க வேண்டிய இரண்டு வாள்வீரர்களுக்கும் ஆளுக்கு ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்தேன். நம் ஊரின் புராதன ராஜதந்திரம். பல்லக்கு மேடைக்கு வரும்போது உள்ளே குறட்டை. என் வாளை ஏற்கெனவே பக்கத்து வீட்டுக் கிணற்றில் போட்டிருந்தேன். வாள் இல்லையென்றால் கதவைத் திறந்துதானே ஆகவேண்டும்? என் ஆயுசில் இதைவிடப் பெரிய சாணக்கியத்தனம் செய்ததில்லை என்று கர்வத்தோடு போய்த் தட்டினேன்.

கதவுக்குப் பெயின்ட் அடித்தது ரஃபிதான். வேஷம் இல்லை என்று சொன்ன பிறகும் அடித்தான். உன் வழக்கப்படி, அந்த வருஷம் விற்காத நிறம். கத்திரிப்பூ நிறம். காயவே இல்லை, கையில் ஒட்டியது.

"எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை துரையே." பழைய வசனம். பழைய அழுகை. மதில்மேல் குவர்னராக குணா. பல்லக்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "மாமா, வாளு… வாளு…" என்று உதட்டுக்குள் முனகினான். நான் மறுபடி தட்டினேன். பின்னால் நாலு சின்னப் பெண்கள், பேரப்பிள்ளைகளாக, நிஜமாகவே தூக்கக் கலக்கத்தில் அழுதுகொண்டு நின்றார்கள். வாள் இல்லை. படை இல்லை. முக்காடு போட்ட ஒரு கிழமும் குழந்தைகளும்தான்.

குணா சொன்னான்: "திறக்க முடியாது. உங்களை நம்ப முடியாது. வேறு ஊரைப் பாருங்கள்."

கைதட்டினார்கள், மச்சான்.

வாளே தேவைப்படவில்லை. நான் கிணற்றில் போட்டது வீண். உன் இரண்டு வார்த்தைக்கு மூக்கைச் சிந்தின அதே ஜனம், அதே நாற்காலியில், கைதட்டியது. முன்வரிசையில் ஒரு மீன்காரம்மா மட்டும் எழுந்து, "ஏம்ப்பா, பொம்பளப் புள்ளைங்களோட நிக்குது, தொறந்து வுடேன்!" என்று கத்தினாள். அதற்கும் சிரித்தார்கள். அருளப்பன் பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, பாட்டிலைத் திறக்காமலே மேடையை விட்டு இறங்கினார். அவர் பாட்டிலைத் திறக்காததை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அடுத்த நிமிஷம் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.

மேடைக்குப் பின்னால் ரஃபி வந்தான். துணியில் டர்பன்டைன் நனைத்து என் உள்ளங்கையைத் துடைத்தான்.

"காய நேரம் குடுக்கல மாமா. அதான் ஒட்டிக்கிச்சு."

"ரஃபி…"

"அடுத்த வருஷம் வேற யாரையாவது அடிக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னான். கோபப்பட்டிருந்தால் தேவலை. உன்னை மாதிரியே துணியை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. வாசலுக்கு வெளியே நின்றது நான் இல்லை, மச்சான். நான் வேஷம் போட்டவன். முக்காட்டை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவன் எதை அவிழ்ப்பான்?

மறுநாள் காலை ஒரு மீன்பாடி வண்டியை அமர்த்திக்கொண்டு போய், வில்லியனூர் வாசலை வேரோடு பெயர்த்தேன். அருளப்பன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். குணா ஓடிவந்தான்.

"மாமா! அது மன்றத்துச் சொத்து!"

"உன் மன்றத்துக்குச் செவுரு போதும்டா. கதவு எதுக்கு?"

அக்கா மகன் என்பதால் கல்யாணம், காரியத்துக்குப் பேசுவேன். மற்றபடி அவன் முகத்தைப் பார்த்தால் அந்த அண்டா வேப்பெண்ணெய் மறுபடி மேலே ஏறுகிறது.

கதவு இப்போது பெரிய மார்க்கெட் பின்பக்கம், உன் கடை வாசலில் சாய்ந்து நிற்கிறது. "இங்க எதுக்கு மாமா? கஸ்டமர் எப்படி உள்ள வருவான்?" என்று ரஃபி கேட்டான். நீ கண்ணை மூடிய நாள் வருகிறதே, அன்று சாயங்காலம் இதே இடத்தில் அந்த ஒரு காட்சியை மட்டும் போடுவோம், நீதான் குவர்னர் என்றேன். வேண்டாம் என்றான். எனக்கு பிரெஞ்சு வராது என்றான். இரண்டே வார்த்தைதான்டா என்று சொல்லிக்கொடுத்தேன். திருப்பிச் சொல்லவில்லை. நேற்று ஷட்டரை இறக்கும்போது அவன் உதடு அசைந்தது. அந்த இரண்டு வார்த்தையா, என்னைத் திட்டினானா, தெரியாது. திட்டியிருந்தாலும் நியாயம்தான்.

ஆனால் உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் வருவேன். நரைத்த மீசையை முக்காட்டுக்குள் திணித்துக்கொண்டு, கூலிக்காரர்களும் பூக்காரிகளும் பார்க்க, மார்க்கெட் நடுவே நடந்து வருவேன். அந்த மீன்காரம்மாவுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். தட்டுவேன். திறக்கவில்லையென்றால் அங்கேயே உட்கார்ந்துகொள்வேன். மறுநாளும் தட்டுவேன். பெயின்ட் நன்றாகக் காய்ந்துவிட்டது. இனிமேல் கையில் ஒட்டாது. உள்ளேயிருந்து உன் மகன் குரலில் "ஆந்த்ரே, மதாம்" என்று கேட்கிறவரை இந்தக் கிழட்டு பேகம் வாசலை விட்டு நகரமாட்டாள்.

உன் வாசலிலேயே நிற்கிற,
உன் மச்சான், ரஃபியின் மாமன்
கண்ணையன்