மொட்டுகளை எழுப்பும் மருந்து

என்னங்க,

போனைச் சார்ஜ்லயே விட்டுட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டீங்க, அதான் எழுதி வைக்கிறேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு.

சாயங்காலம் என் தம்பி வர்றான். பையில பாட்டில் இல்லாம வர மாட்டான். நீங்க ஒரு வாய்கூடத் தொடக் கூடாது. குடியை விட்டாச்சுன்னு ராத்திரி அவ்வளவு கோபமா சொன்னீங்க, நம்பறேன். இது வேற விஷயம்.

நம்ம புளூபெர்ரி கொஞ்சம் குளிர் இருந்தாலே பூக்குற ரகம்தான். இந்த வருஷக் குளிர் அதுக்கே பத்தலைன்னு, தூங்குற மொட்டுகளை எழுப்ப நாலு நாளா மருந்து அடிக்கிறீங்களே, அந்தக் காலி கேன்ல ஒட்டியிருக்கிறதை இப்பத்தான் படிச்சேன். மருந்து அடிச்ச ஒரு வாரத்துக்குள்ள சாராயம் குடிச்சா உசுருக்கே ஆபத்தாம். முதல்ல முகம் சிவக்குமாம், அப்புறம் மூச்சு முட்டுமாம்.

மாஸ்க் இங்கே ஆணியிலயே தொங்குது.

பின்குறிப்பு: நேத்து வீட்டுக்குள்ள நுழையறப்ப உங்க முகம் செக்கச்செவேல்னு இருந்துச்சு. கேட்டதுக்கு "வெயில்"னு சொன்னீங்க. நேத்து பூரா மூட்டம்தானே?

நான் வேலைக்குப் போகல, தோட்டத்துக்கு வர்றேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டா, கதவைத் திறந்து வச்சுட்டு வாசல்லயே உட்காருங்க. தனியா படுத்துடாதீங்க. சண்டை போட மாட்டேன்.