அளவுக்கு நின்றவன்

பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. உன் காகிதங்களை வாங்கிப்போக வந்திருந்த ஆவணக் காப்பகத்துப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ நீ உள்ளறையில் இருப்பதுபோல் இருந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னமும் இப்படித்தான் ஏமாறுகிறேன்.

வீட்டுக் காகிதம் ஒரு பெட்டி, கலை வரலாற்று ஆராய்ச்சிக் காகிதம் ஒரு பெட்டி என்று அவள் பிரிக்கத் தொடங்கினாள். உன்னிடம் அது நடக்குமா? மளிகைச் சீட்டின் பின்பக்கம் துவாரபாலகரின் கை வரைந்திருந்தது. நம் கல்யாணப் பத்திரிகை உறையில் தூண்களின் அளவு. கட்டுரைகளுக்கு அடியில் மடித்த வெள்ளைச் சட்டை ஒன்று.

"இதுவும் ஆவணமாங்க ஐயா?" என்று சிரித்தாள்.

சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அன்னவாசல் பக்கத்துக் கொல்லைக் காடுகளில் நீ படம் எடுத்த சிலைகளின் அருகே நான் நின்ற சட்டை அது. சிலையின் உயரம் பார்க்கிறவர்களுக்குப் புரிய ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பாய். வாரம் முழுக்க எனக்கு ஆலங்குடியில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பஸ் ஏறிப்போய் வெயிலில் நிற்பது. கட்டம் போட்ட சட்டையோடு வந்துவிட்டால் போச்சு. "செலையப் பாப்பாகளா, ஒங்க சட்டையப் பாப்பாகளா?" என்று பையிலிருந்து அந்த வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டுவாய்.

"இங்கிட்டு வாங்க. இன்னுங் கொஞ்சம். சிரிக்காதீங்க, ஒங்களப் பாக்க யாரும் வரல."

ஒரு தடவை அதற்கே சிரித்துவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டு மறுபடி எடுத்தாய்.

உண்மையைச் சொன்னால், உன்னைத் தேடித்தான் பீரோவைத் திறக்கவே சம்மதித்தேன். நீ போன அன்று சுவரொட்டிக்குப் படம் கேட்டார்கள். கல்யாணப் படத்தை விட்டால் ஆதார் அட்டைப் படம்தான் இருந்தது. அதில் யாரோபோல் முறைத்துக்கொண்டிருக்கிறாய். அதைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டோம். "அம்மா இப்படியாப்பா இருந்துச்சு?" என்று நம் மகள் அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுகிறாள். வெயிலில் கருத்து, முந்தானையை இழுத்துச் செருகி, கேமராவும் கையுமாக நிற்கிற உன் படம் ஒன்றாவது அந்தக் குவியலில் இருக்காதா என்று நம்பினேன்.

அந்தப் பெண் தினமும் வந்து ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மீசை முறுக்கிய நான், தலை நிறைய முடியோடு நான், லேசாகத் தொப்பை போட்ட நான். நீ ஒன்றில்கூட இல்லை. கேமராவை நீ யார் கையில் கொடுத்தாய்?

கடைசி நாள் அவள் எழுதியதைக் காட்டினாள். படத்துக்குப் படம், 'அடையாளம் தெரியாத ஆண், அளவுக்காக நிற்கிறார்' என்று இருந்தது.

"இவரு யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமாங்க ஐயா?"

"நாந்தாம்மா."

பாவம், கூசிப்போய்விட்டாள். என் வழுக்கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எல்லாப் படத்துலயும் கேமராவையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே ஐயா?"

"கேமராவ இல்லம்மா" என்றேன்.

பெட்டிகள் போய்விட்டன. சட்டையை நான் கொடுக்கவில்லை. நான் சிரித்துக் கெடுத்த அந்தப் படத்தையும் நீ எறியாமல் வைத்திருந்தாய், அதில் மட்டும் ஒரு பிரதி கேட்டு வாங்கி மகளிடம் கொடுத்தேன். "இதுல நீங்கதானப்பா இருக்கீங்க?" என்றாள். 'சிரிக்காதீங்க, ஒங்களப் பாக்க யாரும் வரல' என்று நீ அப்போது சொன்னதைச் சொன்னேன். வெகுநேரம் அந்தப் படத்தில் இருந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே ஆணி அடித்து அதை உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

உயிரோடு இருக்கிறவன் படம், மாலை போட முடியாது. தினமும் காலையில் உனக்குப் பூ வைத்துவிட்டு அதைப் பார்க்கிறேன். அவன் இன்னும் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.