பள்ளத்தில் பேசும் போன்

அன்பு மகள் நூல்கண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். சாப்பிடுகிறேன், தைக்கிறேன், இருமல் நின்றுவிட்டது. இதற்குப் பெயர் நலம் என்றால் நலம்தான். உனக்கு ஆஸ்பத்திரியில் கால் கடுக்க நிற்கிற வேலை கொஞ்சமாவது குறைந்ததா? கால்வலிக்கு எண்ணெய் தடவிக்கொள்கிறாயா, இல்லை ஊராருக்கு மட்டும்தான் வைத்தியமா?

போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நம் போன் பேச்சைத்தான் பார்க்கிறோமே. நீ ஏழு தடவை "அப்பா, கேக்குதா?" என்பாய். நான் எட்டுத் தடவை "கேக்குது, கேக்குது" என்பேன். அதோடு அறுந்துவிடும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இதை உன் குரலைக் கேட்டுக்கொண்டே என்னால் சொல்ல முடியாது.

போன வாரம் நீ கூப்பிட்டபோது, பள்ளமும் மேடுமாக இருக்கிற நம் பக்கத்தில் எந்த போன் வேலை செய்யும் என்று விசாரித்துச் சொல்லுங்கள், வாங்கி அனுப்புகிறேன் என்றாய். பிறகு அழுதாய். லீவில் வரும்போது நல்ல போனாகக் கொண்டு வருகிறேன் என்று அம்மாவிடம் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன், அப்போதே அனுப்பியிருந்தால் அம்மா இன்றைக்கு இருந்திருப்பாள் என்றாய். வேறு எதுவும் கேட்காத போனில் அது மட்டும் பக்கத்தில் நின்று சொன்னது போலக் கேட்டது. அதோடு பேச்சு அறுந்தது. டவர் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். போகவில்லை கண்ணு. நான்தான் வைத்தேன்.

மறுநாள் செல் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா எனக்கு கேமரா நன்றாக இருக்க வேண்டுமா, பாட்டு சத்தமாக வேண்டுமா என்று கேட்டார். என் மூஞ்சி எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும், பள்ளத்தில் இறங்கினாலும் பேசுகிற போன் வேண்டும் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஊசிக்காரம்மா வீட்டுக்காரர்தானே?" என்று கேட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவர் வீட்டு ஆடுகளுக்கெல்லாம் உன் அம்மாதான் தடுப்பூசி போட்டாளாம். குட்டி போட முடியாமல் தவித்த ஆட்டை மழையில் வந்து காப்பாற்றினாளாம். இந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் எனக்கு ஸ்டூல் கிடைக்கிறது. ஐந்து மாதமாக அப்படித்தான்.

அவர் மூன்று போனில் சிம் போட்டு எடுத்து வைத்தார். கடையில் நின்று சொன்னால் பொய்யாகிவிடும், கொண்டு போய் அந்தந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், எது பேசுகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். ஒன்று மினுமினுக்கிற டச் போன். ஒன்று சாதாரண பட்டன் போன். மூன்றாவது செங்கல் கனத்தில் ஒரு பட்டன் போன். அதன் முதுகில் சின்ன ஓட்டை இருக்கிறது, அதில் ஒயரைச் சொருகி மரத்தில் ஏற்றிக் கட்டினால் டவர் கிடைக்குமாம். நான் வீட்டுக்கு வந்து நாலாவதாக ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டேன். அம்மாவின் பழைய போன், கடைசி வரை அவள் கையில் இருந்தது. ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது.

மாவு மில்காரரிடம், நான் போகிற இடத்திலிருந்து கூப்பிடுவேன், எடுத்துப் பேசுங்கள், நான் கூப்பிடாவிட்டால் நாலு மணிக்கு மேல் நீங்கள் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடுங்கள் என்று சொல்லி, நாலு நம்பரையும் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். தையல்காரருக்குத் திடீரென்று போன் கம்பெனியில் உத்தியோகம் கிடைத்துவிட்டதா என்று கேட்டார். சிரித்துவிட்டுக் கிளம்பினேன். அம்மா ஊசிப்பெட்டியோடு போகிற வழியெல்லாம் போனேன். பாலம் வரை எல்லாம் பேசின. பாலம் தாண்டி இறங்கியதும் டச் போன் மூன்று கோடு காட்டியது, ஆனால் ரிங் போகவில்லை. காட்டுவதெல்லாம் பவுசுதான். சாதாரண பட்டன் போன் பனைமரம் வரை தாக்குப்பிடித்தது. பிறகு நான் அந்தத் தொழுவத்துக்கு இறங்கினேன். அவள் மாட்டிடம் உதைபட்டு விழுந்த தொழுவத்துக்கு.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி.

நீ வேலைக்குப் போன பிறகு அம்மாவும் நானும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். உனக்கு இது தெரியாது. அவள் போகிற இடத்தில் பேச்சு கேட்காது, ரிங் மட்டும் எப்போதாவது வரும். அதனால் அவளே சட்டம் போட்டாள். ஒரு ரிங் வந்து நின்றால் வேலை முடிந்தது, கிளம்பிவிட்டேன். இரண்டு ரிங் என்றால் நேரமாகும், நீங்கள் சாப்பிடுங்கள். எடுக்கக் கூடாது, திருப்பிக் கூப்பிடவும் கூடாது. கையில் பெட்டியும் காலடியில் கல்லுமாக வருகிறவளை போனை எடுக்கச் சொல்லாதீர்கள் என்பாள். ஆபத்து என்றால் எத்தனை ரிங் என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. இருபத்தாறு வருஷம் மாட்டோடு பழகியவளுக்கு ஆபத்து வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு மூன்றே முக்கால் மணி. நான் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் தொங்கிய போன் அடித்தது. ஒரே ரிங். நின்றுவிட்டது. "வர்றாப்பா மகராணி" என்று மிஷினிடம் சொல்லிவிட்டு எழுந்து போய் அவள் குளிக்க வெந்நீர் வைத்தேன்.

தண்ணீர் ஆறிப்போனது. மறுபடி சுட வைத்தேன். வழியில் யாராவது கன்றுக்குட்டிக்கு வயிறு உப்புசம் என்று பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அதுவும் ஆறியது. கோபம் கூட வந்தது, நூல்கண்டு. விறகு என்ன சும்மா வருகிறதா என்று முணுமுணுத்தேன். மூன்றாம் தடவை அடுப்பு மூட்டும்போதுதான் தொழுவக்காரர் மேய்ச்சலிலிருந்து திரும்பி அவளைப் பார்த்துவிட்டு, வேனில் ஏற்றிக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார்.

அவள் போனைப் பிறகு பார்த்தேன். எனக்குப் பதினாலு தடவை அடித்திருக்கிறாள். பதிமூன்று போகவில்லை. ஒன்று போனது, அதுவும் ஒரு ரிங்கில் அறுந்தது. அறுத்தது அவள் இல்லை, டவர். அவள் எதற்காகக் கூப்பிட்டாளோ, அதற்கு நேர்மாறாக நான் எடுத்துக்கொண்டேன்.

வேனில் அவள் தலை என் மடியில் இருந்தது. நினைவு இருந்தது. கண்ணைத் திறந்து "ரிங் வந்துச்சா?" என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் "வரலையே" என்றேன். "அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ரிங் வந்திருந்தால் இந்த மனுஷன் ஓடி வந்திருப்பார் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம். ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்தப் பள்ளத்தில் ஏது டவர் என்று யாரோ எனக்காகப் பதில் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். நீ வந்து கட்டிக்கொண்டு அழுதபோதும் அதையே சொன்னேன். அவளிடம் சொன்ன பொய்யை உன்னிடம் மாற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பயமா, வெட்கமா, இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

போன் சோதிக்கப் போன அன்று அந்தத் தொழுவத்தில் செங்கல் போனில் ஒயரைக் கட்டிக்கொண்டிருந்தேன். மணி நாலைத் தாண்டிவிட்டது. அப்போது பைக்குள் ஒரு போன் அடித்தது. அம்மாவின் போன். மில்காரர் அட்டையில் இருந்த நம்பரையெல்லாம் வரிசையாக அடித்திருக்கிறார். இதற்கு இரண்டு தடவை போகவில்லையாம், மூன்றாம் தடவை போனதாம், பிறகு சொன்னார். எடுத்து "அலோ" என்றேன். "சொல்லுங்கண்ணே, நல்லா கேக்குது. கிணத்துக்குள்ள பேசுற மாதிரி இல்ல, பக்கத்துல பேசுற மாதிரி கேக்குது" என்றார். அவள் விழுந்து கிடந்த இடத்தில், அதே வைக்கோலில் நான் நின்றுகொண்டிருந்தேன். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் சொல்லுங்க, சொல்லுங்க என்று கொஞ்ச நேரம் கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நான் தேடிப் போன போன் அவளிடமே இருந்தது. அன்றைக்கு நான் திருப்பிக் கூப்பிட்டிருக்க வேண்டும். மூன்று தடவை அடித்திருந்தால் போதும். ஒருவேளை அன்றைக்குக் கிடைத்திருக்காது என்று என் மனசே எனக்கு வக்காலத்து வாங்கப் பார்க்கிறது. இருக்கட்டும். கிடைக்காமலே போயிருந்தாலும், நான் அடித்துப் பார்த்திருப்பேன் இல்லையா? அடித்துப் பார்த்தவனாக இருந்திருப்பேன்.

ஆகையால் போன் எதுவும் வாங்கி அனுப்பாதே. நீ அன்றைக்கு உலகத்திலேயே உசத்தியான போனை அனுப்பியிருந்தாலும், ஒரு ரிங் கேட்டதும் நான் வெந்நீர்தான் வைத்திருப்பேன். உன் லீவுக்கும் உன் தாமதத்துக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஐந்து மாதமாக என் பாரத்தை உன் தலையில் ஏற்றிவைத்துவிட்டு நான் சும்மா நடந்துகொண்டிருந்தேன். வார்டில் ஊசி போடும்போது கை நடுங்குகிறது என்று நீ சொன்னாயே, அதைக் கேட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளைக்கு எந்த அப்பனும் செய்யக்கூடாததைச் செய்தேன்.

கடைக்காரம்மாவிடம் மூன்று போனையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மில்காரருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. முதலில் தெரிய வேண்டியவள் நீ.

இதைப் படித்துவிட்டு என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. திட்டு. பேசவே வேண்டாம் என்று தோன்றினால் பேசாதே, நான் வருத்தப்பட மாட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும், ஆனாலும் பொறுத்துக்கொள்வேன். உன்மேல் மட்டும் கோபப்படாதே கண்ணு. உன் கை நடுங்கக் கூடாது. அந்தக் கையை நம்பி எத்தனையோ பேர் படுத்திருக்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்கு. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எப்போதும் முதலில் எழுதுகிறவள் அவள்தான், நான் கீழே கையெழுத்து மட்டும் போடுவேன். இந்தத் தடவை அவளுக்கும் சேர்த்து நானே எழுதுகிறேன்.

நன்றாக இரு.

அம்மா,
அப்பா